தடையை அளந்த ஆசிரியர்

நுழையும் முன்

நம் வீட்டில் மின்விசிறி சுழல்கிறது. குளிர்காலத்தில் அறைச் சூடேற்றி சிவந்து ஒளிர்கிறது. கைப்பேசி இரவில் மின்னூட்டம் பெறுகிறது. இக்கருவிகளில் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது, எவ்வளவு தடை உள்ளது, எவ்வளவு மின்திறன் செலவாகிறது என்பதை ஒரு வகுத்தலாலும் ஒரு பெருக்கலாலும் இன்று எந்த மாணவரும் கண்டறியலாம். இந்த எளிய கணக்கை உலகுக்கு அளித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அதனை உலகம் ஏற்றுக்கொள்ளும்வரை அவர் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவருடைய பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். நம் நாட்டில் ஓம் என்றவுடன் வேறொரு சொல் நினைவுக்கு வரும். இங்கு நாம் காணும் ஓம், ஒரு பூட்டுத் தொழிலாளியின் குடும்பப் பெயர்.

பூட்டுத் தொழிலாளியின் இல்லம்

ஜெர்மனி நாட்டின் பவேரியா மாநிலத்தில் எர்லாங்கன் என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஓம் பிறந்தார். அக்காலத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. சிறிதும் பெரிதுமான பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. தந்தை யோகான் வொல்ஃப்காங் ஓம் பூட்டுகள் செய்யும் தொழிலாளி. தாய் மரியா எலிசபெத் ஒரு தையற்காரரின் மகள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் எழுவர். அவர்களுள் ஜார்ஜ், தம்பி மார்ட்டின், தங்கை எலிசபெத் பார்பரா ஆகிய மூவரே வளர்ந்து ஆளாயினர். ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது தாயும் மறைந்தார்.

தந்தை உயர்கல்வி பெறாதவர். எனினும், பகலெல்லாம் இரும்பை அராவிய கைகளால் மாலையில் நூல்களைப் புரட்டித் தாமே கணிதமும் அறிவியலும் கற்றுக்கொண்டவர். கற்றதைத் தம் மைந்தர் இருவருக்கும் வீட்டிலேயே கற்பித்தார். கணிதம், இயற்பியல், வேதியியல், மெய்யியல் ஆகிய நான்கும் அந்தச் சிறிய இல்லத்தில் பாடங்களாயின. பதினொரு வயது முதல் பதினைந்து வயது வரை ஓம் உள்ளூர்ப் பள்ளியில் பயின்றார். மனப்பாடத்திற்கே முதன்மை அளித்த அப்பள்ளியைவிடத் தந்தை நடத்திய பாடமே அவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப், சிறுவன் ஜார்ஜை நெடுநேரம் வினவி ஆராய்ந்தார். அவனுடைய அறிவுக் கூர்மையைக் கண்டு வியந்தார். சுவிட்சர்லாந்து நாட்டில் கணித மேதைகள் பலரை ஈன்ற பெர்னௌலி குடும்பத்தைப் போல இந்தப் பூட்டுத் தொழிலாளியின் குடும்பமும் புகழ்பெறும் என்று நம்பினார். தம்பி மார்ட்டின் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். அண்ணனின் பாதையோ நீண்டதாகவும் வளைவுகள் நிறைந்ததாகவும் அமைந்தது.

ஊர் ஊராக அலைந்த ஆண்டுகள்

1805ஆம் ஆண்டில் ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் படிப்பைவிட நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் மிகுந்த நேரத்தைக் கழித்தார். தமக்குக் கிட்டாத வாய்ப்பு மகனுக்குக் கிட்டியும் அதனை அவன் வீணாக்குகிறானே என்று தந்தை மனம் வெதும்பினார். மூன்று பருவங்கள் முடிந்த அளவில் ஓம் பல்கலைக்கழகத்தை விட்டு விலக நேர்ந்தது. 1806ஆம் ஆண்டில், பதினேழு வயது இளைஞராக, அவர் சுவிட்சர்லாந்திலுள்ள ஒரு பள்ளிக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார்.

சொந்த ஊரை விட்டு வந்த இடத்தில் அவருக்குப் பொறுப்பு வந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் அப்பணியை விட்டு நூஷாத்தெல் நகரில் தனிப்பயிற்சி ஆசிரியரானார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்திற்கு மாறிச் சென்றுவிட்ட லாங்ஸ்டார்ஃபிடம் சேர்ந்து படிக்க விரும்பினார். பேராசிரியரோ ஆய்லர், லாப்லாஸ் முதலிய மேதைகளின் நூல்களைத் தாமாகவே கற்குமாறு அறிவுரை கூறினார். ஓம் அவ்வாறே செய்தார். தந்தை தன்முயற்சியால் கற்றது போலவே மகனும் கற்றார். 1811ஆம் ஆண்டில் எர்லாங்கனுக்குத் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, வாழ்வுக்குப் போதிய ஊதியம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் கணிதம் கற்பித்தார். வறுமை நெருக்கவே, 1813ஆம் ஆண்டில் பாம்பெர்க் நகரில் ஒரு சாதாரணப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அப்பள்ளியும் 1816இல் மூடப்பட்டது. அந்த மனச்சோர்வுக்கு இடையே அவர் வடிவியல் கற்பிக்கும் முறை குறித்து ஒரு நூல் எழுதினார். அதன் கைப்பிரதியைப் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்கு அனுப்பினார். மன்னருக்கு நூல் பிடித்துப்போயிற்று. 1817ஆம் ஆண்டில் கோலோன் நகரில், இயேசு சபையினர் முன்னர் நடத்திய புகழ்பெற்ற பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி ஓமைத் தேடி வந்தது.

ஆய்வகமும் அரமும்

கோலோன் பள்ளியில் நல்ல கருவிகள் நிறைந்த இயற்பியல் ஆய்வகம் இருந்தது. வகுப்பு முடிந்தபின் ஓம் அங்கேயே தங்கி ஆய்வு செய்தார். தேவையான கருவி இல்லையெனில் தாமே செய்துகொண்டார். சிறுவயதில் தந்தையின் பட்டறையில் பழகிய அரமும் சுத்தியலும் இப்போது கைகொடுத்தன.

அந்நாளில் மின்னியல் ஓர் இளம் துறை. இத்தாலியரான வோல்டா 1800ஆம் ஆண்டில்தான் மின்கல அடுக்கை அறிவித்திருந்தார். 1820ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு ஓர்ஸ்டெட் மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டறிந்தார். கண்ணுக்குப் புலப்படாத மின்னோட்டத்தை அளக்க இதனால் ஒரு வழி பிறந்தது. ஊசி எவ்வளவு வலிமையாகத் திருப்பப்படுகிறதோ, அவ்வளவு ஓட்டம் கம்பியில் பாய்கிறது என்று கொள்ளலாம்.

கம்பி நீண்டால் ஓட்டம் குறைகிறது என்பது பலருக்கும் தெரியும். எவ்வளவு நீண்டால் எவ்வளவு குறையும் என்பதற்கு மட்டும் விதி எதுவும் இல்லை. அந்த விதியைக் கண்டறிவதே ஓம் மேற்கொண்ட பணியாயிற்று.

தவறும் திருத்தமும்

1825ஆம் ஆண்டில் ஓம் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அதில் அவர் தந்த வாய்பாடு தவறானது. அவர் பயன்படுத்திய மின்கலமே அத்தவற்றுக்கு முதன்மைக் காரணமாக இருந்தது. அக்கால மின்கலம் சுற்றை இணைத்தவுடன் மிகுந்த ஓட்டத்தைத் தரும். சற்று நேரத்தில் தளர்ந்துவிடும். அளவுகோலே நீண்டும் குறுகியும் நின்றால் துணியை எவ்வாறு அளப்பது?

அறிவியல் இதழ் ஒன்றின் ஆசிரியரான போகெண்டார்ஃப் ஒரு வழி காட்டினார். மின்கலத்திற்கு மாற்றாக வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தலாம் என்பதே அவ்வழி. வெவ்வேறு உலோகங்கள் இரண்டை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் சுற்றில் மின்னோட்டம் பாயும். சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சீபெக் என்பவர் இதனைக் கண்டறிந்திருந்தார். இரு முனைகளின் வெப்பநிலையும் மாறாதிருக்கும்வரை மின்னைத் தள்ளும் விசையும் மாறாது.

அச்சில் வந்துவிட்ட வாய்பாட்டைக் காப்பாற்ற ஓம் முயலவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

எட்டுக் கம்பிகள்

1826ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓம் நிகழ்த்திய ஆய்வு இயற்பியல் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. அவர் பிஸ்மத், செம்பு ஆகிய உலோகங்களால் மின்னிரட்டை அமைத்தார். அதன் ஒரு முனை கொதிக்கும் நீரிலும் மறுமுனை உருகும் பனிக்கட்டியிலும் இருந்தன. ஒரே பருமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் நீளங்கள் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலங்கள். ஒவ்வொரு கம்பியாகச் சுற்றில் இணைத்தார்.

மெல்லிய உலோக இழையில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார். மின்னோட்டம் பாய்ந்ததும் ஊசி விலகும். இழையின் மேல்முனையைத் திருகி ஊசியைப் பழைய நிலைக்கே கொண்டுவருவார். எவ்வளவு திருக நேர்ந்ததோ, அதுவே மின்னோட்டத்தின் அளவு.

2 அங்குலக் கம்பிக்கு அவர் பெற்ற அளவு 326.75. 130 அங்குலக் கம்பிக்குப் பெற்ற அளவு 48.5. கம்பியின் நீளம் 65 மடங்கு கூடியிருக்கிறது. மின்னோட்டமோ ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே குறைந்திருக்கிறது. இது ஏன்?

ஓம் இதற்கு விடை கண்டார். மின்னோட்டம் அந்த ஒரு கம்பியில் மட்டும் பாயவில்லை. மின்னிரட்டை உள்ளிட்ட சுற்று முழுவதிலும் பாய்கிறது. சுற்றின் மற்றப் பகுதிகளும் அதனைத் தடுக்கின்றன. அப்பகுதிகளின் தடை 20.25 அங்குலக் கம்பியின் தடைக்குச் சமம் என்று அவர் கணக்கிட்டார். ஆகவே, முதல் சுற்றின் மொத்தத் தடை 22.25 அங்குலத்திற்கும் இறுதிச் சுற்றின் மொத்தத் தடை 150.25 அங்குலத்திற்கும் ஈடாகும். இரண்டாவது, முதலாவதைப் போல் ஏறத்தாழ ஆறே முக்கால் மடங்கு. 326.75ஐ 48.5ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ ஆறே முக்கால்தான் வரும். தடை எத்தனை மடங்கு கூடுகிறதோ, ஓட்டம் அத்தனை மடங்கு குறைகிறது.

பிறகு அவர் முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்துப் பார்த்தார். தள்ளும் விசை குறையவே ஓட்டமும் அதற்கேற்பக் குறைந்தது. விதி உறுதியாயிற்று.

ஓம் விதியும் கணக்கும்

இன்றைய சொற்களில் அவ்விதியைக் கூறுவோம். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

மாடியில் உள்ள நீர்த்தொட்டியை எண்ணிப் பார்க்கலாம். தொட்டி உயர உயரக் குழாயில் நீர் விரைந்து பாயும். அந்த உயரம் மின்னழுத்தம் போன்றது. குழாயில் பாயும் நீரின் அளவு மின்னோட்டம் போன்றது. குழாய் நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால் நீர் குறைவாக வரும், அதுவே தடை. ஓம் தமக்கு உவமையாகக் கொண்டது வெப்பத்தை. ஒரு கம்பியின் சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்கு வெப்பம் பாய்வதைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822ஆம் ஆண்டில் கணிதத்தால் விளக்கியிருந்தார். மின்னும் அவ்வாறே பாய்கிறது என்று ஓம் கருதினார்.

மின்திறனைக் கணக்கிடும் முறை ஓமின் விதியை அடியொற்றிப் பிறந்தது. மின்னோட்டம் பாயும் கம்பியில் எவ்வளவு வெப்பம் தோன்றும் என்பதை 1841ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஜேம்ஸ் ஜூல் அளந்து வெளியிட்டார். ஓமின் விதியும் ஜூலின் விதியும் இணைந்தபோது மற்றொரு வாய்பாடு தெளிவாயிற்று.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் ஓர் அறைச் சூடேற்றியில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அதன் மின்தடை 230 ÷ 5 = 46 ஓம். அதன் மின்திறன் 230 × 5 = 1150 வாட். 1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்னாற்றலை மின்கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் என்று குறிக்கிறார்கள். ஆகவே இச்சூடேற்றி ஒரு மணி நேரத்தில் 1.15 யூனிட் மின்னாற்றலைச் செலவிடும்.

கைப்பேசியின் மின்னேற்றி 5 வோல்ட் அழுத்தத்தில் 2 ஆம்பியர் ஓட்டம் தருமானால், அது தரும் மின்திறன் 10 வாட் மட்டுமே. சூடேற்றியின் கம்பி ஏன் தடிமனாக இருக்கிறது, மின்னேற்றியின் கம்பி ஏன் மெலிதாக இருக்கிறது என்பது இதனால் விளங்கும். மிகுந்த ஓட்டம் மெல்லிய கம்பியில் பாய்ந்தால் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும்.

ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று பெற்றோர் கண்டிப்பதற்கும் ஓம் விதியே காரணம் கூறுகிறது. உலர்ந்த தோலின் மின்தடை மிகுதி. நனைந்த தோலின் மின்தடை குறைவு. அழுத்தம் அதே 230 வோல்ட். தடை குறைந்தால் உடலில் பாயும் ஓட்டம் கூடும். அது உயிருக்கே ஆபத்தாகும்.

இவ்விதிக்கும் எல்லை உண்டு. இழை விளக்கின் இழை எரியும்போது கடுஞ்சூடாகிறது; அதனால் அதன் தடையும் பல மடங்கு கூடிவிடுகிறது. கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள குறைக்கடத்திகள் பல இவ்விதிக்கு அடங்குவதில்லை. எனினும் எந்த மின்சுற்றைப் புரிந்துகொள்ளவும் முதற்படி ஓம் விதியே.

புறக்கணிப்பு

1826ஆம் ஆண்டில் ஓம் பள்ளியில் விடுப்புப் பெற்றார். விடுப்புக் காலத்தில் பாதி ஊதியமே கிடைத்தது. தம்பி மார்ட்டின் வாழ்ந்த பெர்லின் நகருக்குச் சென்று தம் ஆய்வு முழுவதையும் நூலாக எழுதினார். மின்சுற்றைக் கணித நோக்கில் ஆராய்ந்த அந்நூல் 1827ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. அந்நூலின் வலிமையால் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆகலாம் என்பது அவர் நெடுநாள் ஆசை.

நூலுக்கு வரவேற்பு இல்லை. அந்நாளைய ஜெர்மானிய இயற்பியலாளர் பலர் இயற்கையை ஆராயக் கணிதம் இவ்வளவு தேவையில்லை என்று எண்ணினர். பக்கம் பக்கமாக வந்த சமன்பாடுகள் அவர்களை மிரட்டின. சிலர் நூலைப் படிக்கவில்லை; படித்த சிலர் கடுமையாகத் தாக்கி எழுதினர். எட்டுக் கம்பிகளின் அளவுகளை மீண்டும் அளந்து பார்க்க முன்வந்தோர் மிகச் சிலரே.

ஓம் மனம் உடைந்தார். 1828ஆம் ஆண்டில் கோலோன் பள்ளிப் பணியைத் துறந்தார். நல்ல ஆய்வகமும் நிலையான ஊதியமும் அத்துடன் போயின. அடுத்த ஐந்தாண்டுகள் பெர்லினில் கணிதம் கற்பிக்கும் சிறு சிறு பணிகளைச் செய்து காலம் கழித்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1833ஆம் ஆண்டில் நூரம்பெர்க் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியர் பணி கிடைத்தது. அது அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பதவி அன்று. எனினும் அவர் அதனை ஏற்றுக் கற்பித்தலைத் தொடர்ந்தார்.

தேடி வந்த பெருமை

காலம் மெல்ல மாறியது. பிரான்சில் பூயே என்னும் அறிஞர் ஓமின் ஆய்வையொத்த ஆய்வுகளை நிகழ்த்தி அதே முடிவுகளை எட்டினார். ஜெர்மனியில் ஃபெக்னரும் ரஷ்யாவில் லென்ஸும் அவ்விதியை ஆய்ந்து ஏற்றனர். தந்தி பரவத் தொடங்கிய காலம் அது. நீண்ட கம்பியில் செய்தி அனுப்ப விரும்பியவர்களுக்கு, கம்பி எவ்வளவு நீண்டால் ஓட்டம் எவ்வளவு குறையும் என்ற கணக்கு இன்றியமையாததாயிற்று.

1841ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகம் தனது உயரிய பரிசான கோப்ளே பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டில் அவரை அயல்நாட்டு உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தது. நூல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, வேற்று நாட்டில் அவருக்கு இப்பெருமை கிட்டியது. தாய்நாடும் பின்னர் விழித்துக்கொண்டது. 1845ஆம் ஆண்டில் பவேரிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. இதற்கிடையே, 1843ஆம் ஆண்டில் ஒலியைக் குறித்தும் ஓம் ஒரு விதியை வெளியிட்டிருந்தார். பல ஒலிகள் கலந்த இசையை நம் செவி தனித்தனி எளிய ஒலிகளாகப் பிரித்துக் கேட்கிறது என்பது அவ்விதியின் சாரம்.

1849ஆம் ஆண்டில் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஆனார். இளமையில் கண்ட கனவு அறுபத்து மூன்றாம் வயதில் நிறைவேறியது. அப்பதவியில் அவர் இருந்தது இரண்டே ஆண்டுகள். 1854ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் அவர் மியூனிக் நகரில் மறைந்தார்.

அலகான பெயர்

1881ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பல நாட்டு மின்னியல் அறிஞர்கள் கூடினர். மின்தடையின் அலகுக்கு ஓம் என்றும், மின்னழுத்தத்தின் அலகுக்கு வோல்ட் என்றும், மின்னோட்டத்தின் அலகுக்கு ஆம்பியர் என்றும் பெயரிட்டனர். வோல்ட் என்பது வோல்டாவின் நினைவாகவும், ஆம்பியர் என்பது பிரெஞ்சு அறிஞர் ஆம்பியரின் நினைவாகவும் அமைந்தவை. நூரம்பெர்க் நகரில் அவர் பணியாற்றிய கல்வி மரபில் வளர்ந்த தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் இன்று ஓமின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பூட்டுக்குச் சாவி செய்தவரின் மகன், தடைக்கு அளவு கண்டார். தம் வாழ்வில் வந்த தடைகளுக்கு அவரிடம் வாய்பாடு எதுவும் இருக்கவில்லை. ஓரூரில் பள்ளி மூடப்பட்டால் மற்றோர் ஊருக்குச் சென்று கற்பித்தார். ஒரு கட்டுரை தவறானால் மற்றொன்று எழுதினார். உலகெங்கும் மின்பொறியாளரும் மாணவரும் இன்று ஒவ்வொரு நாளும் அவர் பெயரைச் சொல்லியே மின்தடையை அளக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

1. இங்கிலாந்து நாட்டு ஹென்றி கேவண்டிஷ், ஓமுக்குப் பல ஆண்டுகள் முன்னரே இவ்விதியை உணர்ந்திருந்தார். அளவுக் கருவி இல்லாத அக்காலத்தில், தம் உடலில் மின் அதிர்ச்சியை ஏற்று, அதன் வலிமையைக் கொண்டே ஓட்டத்தை மதிப்பிட்டார். அம்முடிவுகளை அவர் வெளியிடவில்லை. அவருடைய குறிப்புகளை மேக்ஸ்வெல் 1879ஆம் ஆண்டில் பதிப்பித்தபோதுதான் உலகம் அதனை அறிந்தது.

2. தமிழில் மின்தடை என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் வழங்குகின்றன. அறிவியல் பாடத்தில் அது மின்னோட்டத்தைக் கடத்தி எதிர்க்கும் பண்பைக் குறிக்கும். நாளிதழில் நாளை மின்தடை என்று வந்தால், மின்சாரம் நிறுத்தப்படும் என்பது பொருள். இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

அராவுதல் – அரத்தால் தேய்த்தல்
வெதும்புதல் – மனம் வருந்துதல்
மெய்யியல் – தத்துவம்
மின்னேற்றி – சார்ஜர்
கடத்தி – மின்சாரத்தைச் செல்லவிடும் பொருள்
பருமன் – தடிப்பு
சாரம் – கருத்தின் பிழிவு
அடியொற்றி – பின்பற்றி

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஓம் 1826ஆம் ஆண்டு ஆய்வில் மின்கலத்திற்கு மாற்றாகப் பயன்படுத்தியது
க) காந்த ஊசி உ) வெப்ப மின்னிரட்டை ங) நீர்த்தொட்டி

2. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது
க) மின்தடை உ) வெப்பநிலை ங) மின்திறன்

3. ஓமுக்குக் கோப்ளே பதக்கம் வழங்கப்பட்ட ஆண்டு
க) 1827 உ) 1841 ங) 1881

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஓமின் தந்தை தம் மைந்தர்க்கு எவ்வெப்பாடங்களைக் கற்பித்தார்?
2. ஓமின் முதல் கட்டுரையில் தவறு நேர்ந்தது ஏன்?
3. ஈரக் கையால் மின்கருவிகளைத் தொடக் கூடாது என்பதற்குக் காரணம் யாது?

இ. கணக்கிட்டு, முழுத் தொடரில் விடை எழுதுக.

1. 12 வோல்ட் மின்கலத்துடன் இணைத்த ஒரு விளக்கில் 3 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அவ்விளக்கின் மின்தடையையும் மின்திறனையும் காண்க.
2. 230 வோல்ட் அழுத்தத்தில் 10 ஆம்பியர் ஓட்டம் கொள்ளும் நீர்ச்சூடேற்றியின் மின்தடை எவ்வளவு? அது அரை மணி நேரம் இயங்கினால் எத்தனை யூனிட் செலவாகும்?

ஈ. பிரித்து எழுதுக.

மின்னோட்டம், அந்நகரம், தன்முயற்சி, மற்றோர், செப்புக்கம்பி

உ. விரிவான விடை எழுதுக.

எட்டுக் கம்பிகளைக் கொண்டு ஓம் நிகழ்த்திய ஆய்வையும், அதன்பின் அவர் சந்தித்த இன்னல்களையும் தொகுத்து எழுதுக.

ஊ. செய்து பார்ப்போம்.

1. உங்கள் வீட்டிலுள்ள மின்கருவிகள் ஐந்தின் அடிப்பகுதியிலோ பின்புறத்திலோ எழுதியுள்ள வோல்ட், வாட் அளவுகளைப் பெரியவர் துணையுடன் குறித்து வருக. கருவிகளின் பெயர்களைத் தமிழில் எழுதுக.
2. திருக்குறளில் ஆள்வினை உடைமை என்னும் அதிகாரத்தைப் படித்து, ஓமின் வாழ்வுக்குப் பொருந்தும் குறள் ஒன்றை வகுப்பில் கூறுக. அது பொருந்தும் காரணத்தையும் விளக்குக.